மறதி நோயும் நமது கடமையும்

"வயது ஏறினால் மறதி வருவது இயற்கை" என்று நம் ஜனங்கள் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். வீட்டிலுள்ள முதியவர் சற்று முன் உண்டதை மறந்து, தமக்கு இன்னும் சோறு போடவில்லையென்று கோபித்துக் கொள்கிறார். நாற்பது வருஷ காலம் நடந்து பழகிய கடைத் தெருவில் வழி தெரியாமல் திகைத்து நிற்கிறார். கணக்கில் புலி என்று பெயரெடுத்தவர், பஸ் கண்டக்டர் கொடுத்த சில்லறையை எண்ண முடியாமல் தவிக்கிறார். வீட்டார் சிரிக்கிறார்கள், அல்லது கடிந்து கொள்கிறார்கள். "கிழத்துக்குப் புத்தி தடுமாறிவிட்டது" என்பார் நம் பக்கத்தில். "அறளை பெயர்ந்துவிட்டது" என்பார் யாழ்ப்பாணத்தில். சொல் எதுவானாலும் முடிவு ஒன்றுதான். இதற்கு வைத்தியரிடம் போவானேன் என்று விட்டுவிடுகிறார்கள். "வயதானால் அப்படித்தான்" என்னும் இந்த ஒரு வாக்கியம் நமது நாட்டில் எத்தனையோ குடும்பங்களுக்குப் பெருந் தீங்கு செய்து வருகிறது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

முதுமை வேறு, நோய் வேறு

வயது ஏற ஏற நினைவு சற்று மந்தப்படுவது உண்மையே. கல்யாண வீட்டில் சந்தித்தவரின் பெயர் நாவில் வராமல் தயங்கி, மறுநாள் காலையில் சட்டென்று நினைவுக்கு வந்தால் அது முதுமை. அதற்காக எவரும் அஞ்ச வேண்டியதில்லை. கல்யாணத்துக்குப் போய் வந்ததே மனத்தில் இல்லாமற் போனால், எடுத்துச் சொன்ன பின்னும் "நான் போகவே இல்லை" என்று சாதித்தால், அங்கே நோய் இருக்குமோ என்று சந்தேகிக்க இடமுண்டு. நினைவு மட்டுமன்று. பேச்சில் சொல் அகப்படாமல் திணறுதல், திசை தடுமாறுதல், சமையல், பணங்காசு, மருந்து முதலிய அன்றாடக் காரியங்களில் முறை தவறுதல், சுபாவம் மாறுதல் ஆகியவை சேர்ந்து, சுயமாக வாழும் சக்தி குன்றுமானால் அதையே வைத்திய சாஸ்திரம் டிமென்ஷியா என்கிறது. தமிழில் மறதி நோய் என்று வழங்குகிறோம்.

இது ஒரே நோயன்று; பல நோய்களுக்கு ஒரு பொதுப் பெயர். அவற்றில் முதன்மையானது அல்ஸைமர் நோய். மறதி நோயாளிகளில் நூற்றுக்கு 60 முதல் 70 பேர் வரையில் இதற்கு ஆளானவர்களே என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. 1901-ல் பிராங்க்பர்ட் நகரத்து ஆஸ்பத்திரிக்கு 51 வயதுள்ள ஒரு பெண்மணி கொண்டுவரப்பட்டார். தம் பெயரையும் தட்டுத் தடுமாறியே அவரால் சொல்ல முடிந்தது. 1906-ல் அவர் காலமான பிறகு, அலாய்ஸ் அல்ஸைமர் என்ற ஜெர்மானிய வைத்தியர் அவருடைய மூளையைப் பூதக்கண்ணாடியின் கீழ் ஆராய்ந்து, அதிற் படிந்திருந்த கசடுகளையும், நரம்பணுக்களுள் முறுக்கிக் கிடந்த நார்களையும் கண்டு உலகிற்கு அறிவித்தார். ஆகவே, இது மூளையில் உண்டாகும் ஒரு வியாதி. வயதின் விளையாட்டு அன்று. மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் பழுதுபடுவதால் உண்டாவது மற்றொரு வகை. ரத்தக் கொதிப்பும் நீரிழிவும் மலிந்துள்ள நம் நாட்டில் இந்த வகையை நாம் விசேஷமாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

முந்நூறு பேர் எங்கே?

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவிகிதத்தினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்கிறார்கள் என்று தேசம் முழுவதிலும் நடந்த ஓர் ஆராய்ச்சி 2023-ல் தெரிவித்தது. ஆண்களைவிடப் பெண்களிடத்திலும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இந்நோய் அதிகம் என்றும் அது கண்டது. நாகரிக வாழ்வின் நோய், பட்டணத்தார் நோய் என்று எண்ணியிருந்தவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாடு வேகமாக மூத்து வருகிறது. 2011 ஜனக் கணிதத்தில் நம் மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேரே அறுபதைக் கடந்தவர்கள். 2021-க்கு அந்த விகிதம் 13.6 என்றும், 2031-க்கு 18.2 என்றும் சர்க்கார் நிபுணர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரிய ராஜ்யங்களில் கேரளத்துக்கு அடுத்தபடி முதியோர் விகிதம் மிகுந்தது நமது நாடே.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சமவெளிப் பிரதேசத்தில் முப்பதாயிரம் மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. அவர்களில் அறுபதைக் கடந்தவர்கள் நாலாயிரம் பேர் இருப்பார்கள். தேசத்து விகிதத்தையே இங்கும் வைத்துக் கொண்டால், மறதி நோயாளிகள் ஏறக்குறைய முந்நூறு பேர் இருக்க வேண்டும். உங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்குச் சென்று, அங்குள்ள ரிஜிஸ்தரில் எத்தனை பேருக்கு எதிரில் இந்த நோயின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மற்றவர்களெல்லாம் எங்கே? அவர்கள் வேறெங்கும் போய்விடவில்லை. ரத்தக் கொதிப்பு மாத்திரைக்காகவும் முழங்கால் வலிக்காகவும் அதே நிலையத்தின் வாயிலில் வரிசையில் நிற்கிறார்கள். எவரும் அவர்களை அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, அவ்வளவே.

தீராத நோயை அறிந்து என்ன பயன்?

இங்கே ஓர் ஆட்சேபம் எழுகிறது. அல்ஸைமர் நோயைத் தீர்க்க மருந்து இல்லையே. தீராத நோயை முன்கூட்டியே கண்டுபிடித்து, முதியவரையும் வீட்டாரையும் கலங்க வைப்பானேன் என்று வைத்தியர்களுள்ளும் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, ஆகவே நேராகப் பதில் சொல்லுவோம்.

முதலாவது, மறதி நோய் போலத் தோன்றுவதெல்லாம் மறதி நோயன்று. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், பி 12 வைட்டமின் குறைந்தாலும் புத்தி மந்தப்படும். நீரிழிவுக்காக நெடுங்காலம் மெட்பார்மின் மாத்திரை உண்பவர்களுக்கு இந்த வைட்டமின் குறைவு நேர்வதுண்டு. மனச் சோர்வு பிடித்த முதியவர் எதிலும் சிரத்தையின்றி, கேட்டதற்கெல்லாம் "தெரியவில்லை" என்பார். கடையில் வாங்கி உண்ணும் தூக்க மாத்திரையும், ஜலதோஷ மாத்திரைகளுட் சிலவும் முதியோரின் அறிவைக் கலக்கிவிடும். வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டவருக்குச் சில வாரங்கள் கழித்து, மண்டையோட்டின் உள்ளே சிறுகச் சிறுக ரத்தம் தேங்கிப் புத்தி தடுமாறுவதுண்டு. சஸ்திர சிகிச்சையால் அவரைக் காப்பாற்ற முடியும். இவற்றையெல்லாம் "வயதானால் அப்படித்தான்" என்று மூலையில் உட்கார வைப்பது எத்தகைய அநியாயம்!

இரண்டாவது, நோயைத் தீர்க்க இயலாவிடினும் அதன் துன்பத்தைக் குறைக்க இயலும். டொனெபெஸில் முதலிய மருந்துகள் நோயை நிறுத்துவதில்லை. ஆனால் பலருக்குச் சில காலம் நினைவும் அன்றாட நடமாட்டமும் ஓரளவு நிலைக்க உதவுகின்றன. நோயின் வேகத்தையே சிறிது தணிக்கும் லெக்கானெமாப், டொனானெமாப் என்ற புது மருந்துகளை அமெரிக்க சர்க்கார் 2023-லும் 2024-லும் முழுமையாக அங்கீகரித்தது. இவற்றின் பயன் சொற்பம். மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் நேரும் அபாயம் உண்டு. விலையோ சாமானியர்க்கு எட்டாதது. இவற்றைப் பெரிதாகக் கொண்டாட நாம் தயாராயில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இவை நோயின் ஆரம்ப தசையில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரியவை. நாளைக்கு இவற்றினும் நல்ல மருந்து வந்தாலும், முற்றிய பின்னரே நோயை அறியும் நாட்டுக்கு அதனால் என்ன லாபம்? ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தி, புகையிலையை நிறுத்தி, மந்தமான காதுக்குக் கருவி கொடுத்து, மங்கிய கண்ணைச் சீர்ப்படுத்தினால் மறதி நோய் வரும் அபாயமே குறையும். இப்படி மாற்றக்கூடிய காரணங்கள் பதினான்கு என்றும், அவற்றையெல்லாம் நீக்க முடியுமானால் உலகில் இந்நோயின் 45 சதவிகிதத்தைத் தடுக்கவோ தள்ளிப் போடவோ கூடுமென்றும் லான்ஸெட் வைத்தியப் பத்திரிகையின் நிபுணர் குழு 2024-ல் கூறியிருக்கிறது.

மூன்றாவது காரணத்தை நாம் மிக முக்கியமாகக் கருதுகிறோம். ஆரம்பத்தில் நோயாளிக்குத் தன் விருப்பத்தைச் சொல்லும் அறிவு இருக்கிறது. தம் நிலம் யாருக்கு, தம் பணத்தை யார் பார்ப்பது, தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எங்கே வாழ விருப்பம் என்று அவரே தீர்மானிக்கலாம். தம் சிகிச்சையைப் பற்றி முன்கூட்டியே எழுதி வைக்கவும், தமக்காகப் பேசத் தக்க ஒருவரை நியமிக்கவும் 2017-ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் உரிமை அளிக்கிறது. இரண்டு மூன்று வருஷம் தாமதித்தால் அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காயே. பிறகு நடப்பது என்ன? இன்ன பத்திரம் என்று அறியாமலே முதியவர் கைநாட்டு வைக்கிறார். பென்ஷன் பணம் கைமாறுகிறது. அண்ணன் தம்பிகள் கோர்ட்டு வாசலில் நிற்கிறார்கள். ஒருவரது அறிவு மங்கு முன் அவர் வாக்கைக் கேட்டுக் கொள்வது, வைத்தியம் மட்டுமன்று, நீதியுமாகும்.

வாயில் நம் ஊரிலேயே இருக்கிறது

சரி, இந்நோயைக் கண்டறிய வேண்டியவர் யார்? பெரிய பட்டணத்து நிபுணரா? அவரிடம் போய்ச் சேரும்போது நோய் முற்றியிருக்கும். நிபுணர்களின் எண்ணிக்கையோ சொற்பம். கண்டறியும் வாயில் நமது ஊரிலேயே இருக்க வேண்டும். இது புது யோசனையன்று. ஸர் ஜோஸப் போர் தலைமையில் கூடிய குழு 1946-லேயே, வைத்தியம் குடிமகனின் வாசலுக்கு அருகில் இருக்க வேண்டுமென்றும், தீர்க்க இயலாததை மேலிடத்துக்கு அனுப்பும் படிவரிசை வேண்டுமென்றும் கூறிற்று. சுதந்தரம் பெற்ற பின் 1952 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றின. பிரசவத்திலும் குழந்தைகளுக்கு ஊசி போடுவதிலும் தமிழ்நாட்டு நிலையங்கள் செய்துள்ள தொண்டு நாம் பெருமை கொள்ளத் தக்கது. பிள்ளையைக் காத்த அந்தக் கை, பாட்டனையும் காக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

அதற்கான சாதனமும் நம்மிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மருந்து கொடுக்கிறார்கள். அந்தப் பெண்மணியை விட நல்ல வேவுகாரர் நோய்க்கு எதிராக யார் கிடைப்பார்? சென்ற மாதம் கொடுத்த மாத்திரை அப்படியே கிடக்கிறது. அல்லது பத்து நாளிலேயே தீர்ந்துவிட்டது. "யார் அம்மா நீ?" என்று பாட்டி ஒவ்வொரு மாதமும் புதிதாகக் கேட்கிறாள். பல வருஷமாகக் கட்டுக்குள் இருந்த சர்க்கரை காரணமின்றி ஏறுகிறது. மறதி நோயின் முதற் சுவடு பெரும்பாலும் இத்தகைய இடத்திலேதான் தெரிகிறது. சுவட்டைக் கண்டவர் அதை யாரிடம் சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும். கேட்டவர் அடுத்து என்ன செய்வது என்று அறிந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாததே இன்றைய குறை.

கேட்கும் முறை

சோதனை முறைகள் பல இருக்கின்றன. அவற்றுட் பெயர் பெற்றது 1975-ல் அமெரிக்காவில் தோன்றியது. தேதி, மாதம் கேட்பது, எண்களைப் பின்னோக்கிக் கழிக்கச் சொல்வது, ஒரு வாக்கியம் எழுதச் சொல்வது, உருவம் வரையச் சொல்வது ஆகியவை அதில் அடங்கும். படித்தவர்க்கு இது சரி. பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காத நம் கிழவியிடம் பென்ஸிலைக் கொடுத்து எழுதச் சொன்னால் அவள் விழிப்பாள். அது நோயின் குற்றமா, அவளுக்குக் கல்வி கொடாத சமூகத்தின் குற்றமா? இதை உணர்ந்தே ஹரியானாவின் பல்லப்கட் பிரதேசத்தில் எழுத்தறியாதவர்க்கு ஏற்ற ஹிந்தி முறை ஒன்றை நிபுணர்கள் வகுத்து 1995-ல் வெளியிட்டார்கள். 1998-ல் தோன்றிய சர்வதேச ஆராய்ச்சிக் குழு ஒன்று, ஏழை நாடுகளுக்கு ஏற்ற வழியைத் தேடியபோது, சென்னையும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் அதன் ஆராய்ச்சிக் களங்களாக இருந்தன. தமிழ் பேசும் முதியோரை எப்படிச் சோதிப்பது என்பதற்கு ஆராய்ச்சி இல்லையென்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது.

அந்த முறைகளின் சாரம் எளிதானது. ஒன்று, முதியவரைச் சோதிப்பது: சில சொற்களைச் சொல்லிச் சற்று நேரங் கழித்துத் திரும்பக் கேட்பது, ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடிகிறது என்று பார்ப்பது, சுற்றுப்புறத்தைப் பற்றி, கடந்த பண்டிகையைப் பற்றி வினவுவது. மற்றொன்று, உடன் வாழ்பவரை விசாரிப்பது: "சில வருஷங்களுக்கு முன் இருந்ததற்கும் இப்பொழுதிற்கும் மாறுதல் உண்டா? கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாரா? பணத்தை எண்ணிக் கொடுக்கிறாரா? தெரிந்த வழியில் தவறினாரா? தாமே மருந்து எடுத்துக் கொள்கிறாரா?" இந்த விசாரணைக்குக் கல்வி தடையன்று. நோயாளியின் இன்றைய நிலையை அவருடைய நேற்றைய நிலையோடே ஒப்பிடுவதால் இது நியாயமும் ஆகும்.

அதற்கு முன் காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கேள்வியே காதில் விழாதவரை மறதி நோயாளி என்று முத்திரை குத்துவது பாபம். மாறுதல் எத்தனை நாளாக என்று கேட்க வேண்டும். நேற்று வரை சரியாயிருந்தவர் இன்று திடீரென்று பிதற்றினால் அது மறதி நோயன்று. காய்ச்சலோ, சிறுநீர்த் தொற்றோ, சர்க்கரை இறங்கியதோ, ரத்தத்தில் உப்புக் குறைந்ததோ காரணமாயிருக்கும். அவரை அன்றே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். ரத்தம், சர்க்கரை, உப்பு, சிறுநீரகம், தைராய்டு, பி 12 ஆகிய சோதனைகளை உள்ளூரிலோ தாலுகா ஆஸ்பத்திரியிலோ செய்து, உண்டு வரும் மருந்துகளையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிவிட்டால், சுகாதார நிலைய டாக்டர் தம் கடமையிற் பெரும் பகுதியை முடித்தவராவார்.

கணக்குக் காட்டுவதற்காக அன்று

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். அறுபது வயதானவர்களையெல்லாம் வரிசையில் நிறுத்திச் சோதிக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அவ்விதம் செய்வதால் நன்மை மிகுதியா, தீமை மிகுதியா என்று நிச்சயிக்கப் போதிய ஆதாரமில்லையென்று அமெரிக்க நிபுணர் குழு 2020-ல் கூறிற்று. இங்கிலாந்து சர்க்காரும் அதை ஏற்கவில்லை. அந்நாட்டில் 2014-ல் மறதி நோயாளி ஒருவரைப் புதிதாகக் கண்டுபிடித்தால் குடும்ப வைத்தியருக்கு 55 பவுன் கொடுப்பதென்று ஒரு திட்டம் போட்டார்கள். நோயாளியின் தலைக்கு விலை வைப்பதா என்று வைத்தியர்களே கண்டித்தார்கள். சில மாதங்களில் திட்டம் முடிந்தது. இலக்கு நிர்ணயித்து, எண்ணிக்கை கேட்டு, கீழுள்ளவர்களை விரட்டும் வழக்கம் நமது இலாகாக்களுக்குப் புதிதன்று. கணக்குக்காகக் கண்டுபிடித்த நோயாளிக்குக் கணக்கோடு சரி, கவனிப்புக் கிடைப்பதில்லை. சந்தேகத்துக்கு இடமுள்ளவரை, வீட்டார் கவலையோடு அழைத்து வருபவரை, மருந்து முறை தவறுபவரை, பக்கவாதம் கண்டவரைத் தவறாமல் கேட்பதே நாம் வேண்டுவது.

அனுப்புவதும் திரும்பி வருவதும்

சந்தேகம் உறுதிப்பட்டால் மேல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். எல்லோரையும் ஒரே அவசரத்தோடு அனுப்ப வேண்டியதில்லை. அறுபத்தைந்து வயதுக்கு முன்பே நோய் கண்டவர், சில வாரங்களிலேயே வேகமாகக் கெட்டவர், வலிப்பு வந்தவர், கை கால் ஒரு புறம் பலமிழந்தவர், தலையில் அடிபட்டவர், நடை தள்ளாடிச் சிறுநீரும் அடக்க முடியாதவர் ஆகியோரை உடனே அனுப்ப வேண்டும். இல்லாத உருவங்களைக் கண்டு பேசி, கை நடுங்கி, உடல் விறைத்திருப்பவரையும் நிபுணர் பார்க்க வேண்டும்; அவரை அடக்கி வைக்க உள்ளூரிலே கொடுக்கும் சில மருந்துகள் அவருக்குப் பேராபத்தாக முடியும்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்று வாயால் சொல்வது அனுப்புவதாகாது. மகன் ஒரு நாள் கூலியை விட்டு, முதியவரை இரண்டு பஸ் மாற்றி அழைத்துச் செல்கிறான். அங்கே எந்த அறை, எந்தக் கிழமை, நரம்பு வைத்தியரா மனநல வைத்தியரா என்று தெரியாமல் அலைகிறான். மாலையில் தலைவலி மாத்திரையுடன் திரும்புகிறான். மறுமுறை போவானா? போகமாட்டான். ஆகவே, அனுப்பும் சீட்டில் நோயின் வரலாறு, சோதனையின் முடிவு, உண்ணும் மருந்து, கேட்க விரும்பும் கேள்வி ஆகியவை இருக்க வேண்டும். போக வேண்டிய இடமும் நாளும் முன்னரே பேசி முடிவு செய்யப்பட வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, நிபுணர் தம் முடிவை எழுதி அந்தச் சீட்டைச் சுகாதார நிலையத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். நிபுணர் வருஷத்தில் ஓரிரு முறை பார்ப்பார். மற்ற நாட்களெல்லாம் நோயாளி உள்ளூர் டாக்டரின் பொறுப்பு. திரும்பி வராத சீட்டு, பாதி கட்டிய பாலத்துக்குச் சமானம்.

இது நடக்கக் கூடியதா என்று கேட்பவர்கள் அண்டை நாட்டைப் பார்க்கலாம். கர்நாடகத்தில் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனமும் அந்த சர்க்காரும் சேர்ந்து, தலைவலி, வலிப்பு, பக்கவாதம், மறதி நோய் ஆகியவற்றைக் கண்டறிய ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களைப் பயிற்றி, அவர்கள் அனுப்புவோரைப் பார்க்க ஜில்லா ஆஸ்பத்திரியில் மூளை ஆரோக்கிய கிளினிக் நடத்தும் ஏற்பாட்டை 2022-ல் தொடங்கினார்கள். கேரளத்தில் 1992-லேயே கொச்சியில் இந்நோயாளிகளுக்கென்று ஒரு சங்கம் தோன்றிவிட்டது. முதியோர் வைத்தியத்தில் நாம் யாருக்கும் பிந்தியவர்களல்ல. சென்னைப் பெரியாஸ்பத்திரியில் 1978-லேயே முதியோருக்கென்று தனிப் பிரிவு ஏற்பட்டது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. ஜில்லாதோறும் மனநலத் திட்டம் இருக்கிறது. 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் சேவையிடம் இரவு பகல் எந்நேரமும் ஆலோசனை கேட்கலாம். மணிகள் இருக்கின்றன, கோக்கும் நூல்தான் இல்லை.

வீட்டுப் பெண்களின் பாரம்

மறதி நோயாளி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது எளிதன்று. இரவெல்லாம் விழித்திருப்பார்; கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவார்; பெற்ற மகளையே திருடி என்பார். இந்தப் பாரம் யார் தலையில் விழுகிறது? பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் தலையில். அவள் வேலையை விடுகிறாள், உறக்கத்தை விடுகிறாள், உறவினர் வந்து "சரியாகப் பார்த்துக் கொள்ளவில்லை" என்று குறையும் சொல்லிப் போகிறார்கள். இது நோய், பிடிவாதமன்று என்று ஒரு வைத்தியர் ஆரம்பத்திலேயே எடுத்துச் சொல்லியிருந்தால், அந்த வீட்டில் எத்தனை அடியும் வசையும் கண்ணீரும் குறைந்திருக்கும்! நோயாளியோடு வாதாடாதே, தினமும் ஒரே ஒழுங்கில் காரியங்களை நடத்து, அடுப்பையும் மருந்துப் பெட்டியையும் கவனி, சட்டைப் பையில் விலாசம் எழுதி வை, நீயும் ஓய்வு எடுத்துக்கொள் என்று சொல்ல ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷமும் சிகிச்சையே.

டாக்டருக்கு நேரமில்லை என்பார்கள். காலையில் நூறு பேரைப் பார்க்கும் டாக்டருக்கு நேரமில்லை என்பது மெய். ஆகையால்தான் கேள்விகளை நர்ஸும் தன்னார்வலரும் கேட்கட்டும். சந்தேகமுள்ளவரை மட்டும் டாக்டர் தனியாக ஒரு நாள் பார்க்கட்டும் என்கிறோம். தன்னார்வலரின் தலையில் வேலையை மட்டும் ஏற்றிவிட்டு ஊதியத்தையும் பயிற்சியையும் மறந்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லுகிறோம்.

நாம் கேட்க வேண்டியவை

பொதுஜன ஊழியர்களுக்கு இதில் வேலை உண்டு. ரஸ்தாவுக்கும் குடி தண்ணீருக்கும் மனுக் கொடுக்கிறோம். கிராம சபையில் எழுந்து பேசுகிறோம். அதே சபையில் நான்கு கேள்விகளைக் கேட்போம். நமது சுகாதார நிலையத்தில் மறதி நோயைக் கேட்டறியப் பயிற்சி பெற்றவர் யார்? தைராய்டு, பி 12 சோதனைகள் கிடைக்கின்றனவா? ஜில்லாவில் அனுப்ப வேண்டிய இடம் எது, நாள் எது? அனுப்பியவர்களில் எத்தனை பேருடைய சீட்டு திரும்பி வந்தது? இந்நான்குக்கும் பதில் இல்லாத ஊரில், பதில் கிடைக்கும் வரை கேட்டுக் கொண்டிருப்பதே நமது வேலை.

அதற்கு முன் நம் வீட்டிலேயே ஆரம்பிப்போம். நம் தகப்பனாரோ தாயாரோ கேட்டதையே மறுபடியும் கேட்கும்போது, "எத்தனை தடவை சொல்வது?" என்று எரிந்து விழுவதற்கு முன், எத்தனை மாதமாக இப்படி என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். எண்ணியபின், அவரைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று வைத்தியரிடம் காட்டுவோம். நமக்கு நடை பழக்கியவர்கள் அவர்கள். வழி மறந்து நிற்கும் அவர்களுக்கு வழி காட்டுவது தர்மமன்று, கடன். அதைத் தீர்க்கும் காலம் இதுவே.